தீட்சைக்கு முன்னும் பின்னும்: யோகத்தில் புதிதாக இறங்குவோருக்கு

யோகம் கற்க வருபவர்களில் ஒரு சாரார் முதுகுவலிக்காகவும் தூக்கத்துக்காகவும் வருகிறார்கள். இன்னொரு சாரார் சற்றே கூச்சத்தோடு வேறொன்றைக் கேட்பார்கள். "உள்ளே ஏதோ சக்தி தூங்கிக்கொண்டிருக்கிறதாமே, அதை எழுப்ப முடியுமா? தீட்சை வாங்கினால்தான் நடக்குமா? வீட்டிலேயே செய்தால் ஆபத்தா?" இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது சாராருக்கு.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீட்சையில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் ஆளை மாற்றுவது தீட்சைக்கு முந்தைய சில மாதங்களும் பிந்தைய ஒன்றிரண்டு வருடங்களும்தான். தீட்சை நாள் அவற்றுக்கு நடுவில் வரும் ஒரு நல்ல காலை, அவ்வளவே. பலர் அந்த ஒரு காலைக்காக எங்கெங்கோ அலைகிறார்கள். முன்னும் பின்னும் செய்ய வேண்டியதை யாரிடமும் கேட்பதில்லை.

எழுப்பச் சொல்லும் சக்தி எது?

சித்தர் மரபிலும் அடயோக நூல்களிலும் ஒரு வரைபடம் உண்டு. உடம்பில் 72,000 நாடிகள், அதாவது சக்தி ஓடும் பாதைகள். அவற்றில் இடகலை, பிங்கலை, சுழுமுனை என்ற மூன்றும் முக்கியமானவை. முதுகுத்தண்டின் அடியில் மூலாதாரம். அங்கே பாம்பு போலச் சுருண்டு கிடப்பது குண்டலினி. அது சுழுமுனை வழியே ஏறி, சுவாதிட்டானம், மணிபூரகம், அநாகதம், விசுத்தி, ஆக்கினை ஆகிய சக்கரங்களைக் கடந்து உச்சந்தலையை அடைய வேண்டும். இவற்றை அறுவை சிகிச்சையில் தொட்டுக் காட்டக்கூடிய உறுப்புகளாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கவனத்தை எங்கே வைப்பது, எந்த வரிசையில் நகர்த்துவது என்று சொல்லும் வழித்தடமாக எடுத்துக்கொண்டால் பயிற்சிக்குப் போதும்.

இந்த வழியில் வாய்ப்பதாகச் சொல்லப்படுபவை அட்டமா சித்திகள் என்ற எட்டு அபூர்வ ஆற்றல்கள்: அணிமா, மகிமா, கரிமா, இலகிமா, பிராப்தி, பிராகாமியம், ஈசத்துவம், வசித்துவம். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் மூன்றாம் பாதத்தின் பெரும்பகுதி இந்தப் பேச்சுதான். அதே பாதத்திலேயே, இவை சமாதிக்கு இடையூறு என்றும் அவர் ஒரு வரி போட்டுவிடுகிறார். விளம்பரத் தாள்களில் அந்த வரி மட்டும் எப்படியோ விட்டுப்போகும்.

ஆய்வுக் கருவிகளிலும் சில விஷயங்கள் சிக்கியிருக்கின்றன. 1981இல் ஹெர்பர்ட் பென்சன் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு, தரம்சாலாவில் தும்மோ என்ற தியானம் செய்யும் மூன்று திபெத்தியத் துறவிகளை அளந்து பார்த்தது. கைகால் விரல்களின் வெப்பநிலை 8.3 டிகிரி செல்சியஸ் வரை உயர்ந்தது. நம் இஷ்டத்துக்குக் கட்டுப்படாது என்று நினைக்கும் சில வேலைகள் நீண்ட பயிற்சியால் கட்டுப்படும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆகாயத்தில் மிதப்பதற்கு இப்படி ஒரு சான்றும் கிடையாது. புதிதாக வருபவர் இந்த இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் உடம்பைக் கேளுங்கள்

உயர் ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, கண் அழுத்த நோய், குடலிறக்கம், சமீபத்திய அறுவை சிகிச்சை, கர்ப்பம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மூச்சை அடக்கும் பயிற்சி எதையும் தொடங்காதீர்கள். மருத்துவரிடமும் சொல்லுங்கள், ஆசிரியரிடமும் சொல்லுங்கள். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்றவை தமக்கோ நெருங்கிய ரத்த உறவுக்கோ இருந்தால் நீண்ட நேரத் தியானமும் குண்டலினிப் பயிற்சியும் வேண்டாம். எளிய ஆசனம், நடை, சாதாரண மூச்சு கவனிப்பு போதும். இதைச் சொன்னால் சில இடங்களில் "எல்லாம் தியானத்தில் சரியாகிவிடும், மாத்திரையை நிறுத்துங்கள்" என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்ட மாத்திரத்தில் எழுந்து வந்துவிடலாம்.

அடுத்தது இயமம், நியமம்: தவிர்க்க வேண்டியவையும் கடைப்பிடிக்க வேண்டியவையும். பதஞ்சலி ஐந்தைந்து சொல்கிறார், திருமூலர் பத்துப் பத்து. எல்லாவற்றையும் ஒரே நாளில் கடைப்பிடிக்கப் போவதாக உறுதி எடுத்தால் நான்காம் நாள் எல்லாம் போய்விடும். இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: பொய் சொல்லாமல் இருப்பது, அளவாகச் சாப்பிடுவது. பொய் சொன்ன நாளில் கண்ணை மூடி உட்கார்ந்தால் அந்தப் பொய்தான் முதலில் வந்து எதிரே உட்காரும். சாப்பாட்டுக்கு மரபு சொல்லும் கணக்கு, வயிற்றில் பாதி உணவு, கால் பாகம் நீர், மீதிக் கால் பாகம் காலி.

உட்காரக் கற்பது

அடயோக நூல்கள் 84 ஆசனங்களைப் பேசினாலும் சித்தாசனம், பத்மாசனம், சிம்மாசனம், பத்ராசனம் என்ற நான்கைத்தான் முக்கியம் என்று பிரித்து வைக்கின்றன. நான்குமே உட்காரும் ஆசனங்கள் என்பதைக் கவனியுங்கள். இருபது நிமிடம் அசையாமல், வலியில்லாமல் உட்கார முடிவதுதான் இங்கே தேவை. பத்மாசனம் வராவிட்டால் சாதாரணமாகச் சம்மணமிடும் சுகாசனம் போதும். முழங்கால் தரையைத் தொடாமல் மேலே நிற்கிறதா? போர்வையை மடித்து இடுப்புக்குக் கீழே வையுங்கள், முழங்கால் இடுப்பைவிடத் தாழும் அளவுக்கு. முதுகு தானாக நிமிரும். அதுவும் முடியாதவர் நாற்காலியில், சாயாமல், பாதம் இரண்டும் தரையில் படும்படி உட்காரலாம். முழங்காலை அழுத்தி மடக்கிப் பத்மாசனம் போட்டு மூட்டைக் கெடுத்துக்கொள்வதில் எந்தத் தவமும் இல்லை.

உட்காருவதற்கு முன் பத்து நிமிடம் பவனமுக்தாசனம், புஜங்காசனம், பட்டாம்பூச்சி போல முழங்கால்களை ஏற்றி இறக்குவது ஆகியவற்றைச் செய்துவிட்டால் கால் மரத்துப்போவது குறையும்.

மூச்சு

இங்கேதான் நிதானம் வேண்டும். மூச்சு தானாகவும் நடக்கும், நாம் சொன்னாலும் கேட்கும். அதனால்தான் எல்லா மரபும் இந்த வாசல் வழியே உள்ளே போகிறது. போகத் தெரியாமல் போனவர்கள் அடிபடுவதும் இதே வாசலில்தான்.

திருமூலர் பிராணாயாமத்துக்குச் சொல்லும் அளவு, உள்ளிழுக்க 16 மாத்திரை (மாத்திரை என்பது இங்கே கால அளவு), அடக்க 64, வெளியே விட 32. இந்த எண்களை எங்கோ படித்துவிட்டு, முதல் நாளே கடிகாரத்தை வைத்துக்கொண்டு முயல்பவர்கள் இருக்கிறார்கள். கண் இருட்டும், நெஞ்சு படபடக்கும், தலை வலிக்கும். அது பல வருடம் பழகியவரின் அளவு. 'காற்றைப் பிடிக்கும் கணக்கு' என்று அவர் சொல்வதை மெல்லத்தான் கற்க முடியும், அதுவும் அருகில் இருந்து பார்ப்பவர் ஒருவர் இருந்தால்தான்.

முதல் வாரம் ஒன்றும் செய்ய வேண்டாம், எண்ணுங்கள். மல்லாந்து படுத்து, வலது கையை வயிற்றிலும் இடது கையை மார்பிலும் வையுங்கள். எந்தக் கை எழும்புகிறது? பெரும்பாலும் மேல் கைதான் எழும்பும். வயிற்றுக் கை எழும்பும்வரை, வலுக்கட்டாயம் இல்லாமல், மூச்சை இறங்க விடுங்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி எழுதி வையுங்கள். மரபின் கணக்கு ஒரு நாளைக்கு 21,600 மூச்சு, அதாவது நிமிடத்துக்கு 15. இன்றைய மருத்துவம் ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்குச் சொல்லும் 12 முதல் 20 என்ற வரம்புக்குள்தான் அது வருகிறது.

இரண்டாம் வாரம் முதல், உள்ளே நான்கு எண்ணிக்கை, வெளியே ஆறு. நிறுத்தம் இல்லை. வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு தணிவதை நாடியில் விரல் வைத்தே உணரலாம். இந்த வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு மூச்சு வரும். பயிற்சி நேரத்துக்கு அது போதும்.

அப்புறம் நாடிசுத்தி. வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் உள்ளங்கைக்குள் மடக்குங்கள். கட்டைவிரல் வலது நாசிக்கு, மோதிர விரல் இடது நாசிக்கு. மூக்கின் எலும்பு முடிந்து சதை தொடங்கும் இடத்தில் விரலை வைத்தால் போதும், நசுக்க வேண்டியதில்லை. வலதை மூடி இடது வழியே இழுங்கள். இடதை மூடி வலது வழியே விடுங்கள். அதே வலது வழியே இழுத்து இடது வழியே விடுங்கள். இது ஒரு சுற்று. மூச்சின் ஓசை உங்கள் காதுக்கே கேட்கக் கூடாது. கேட்டால் வேகம் அதிகம். வலது முழங்கை விலாவில் ஒட்டிக்கொண்டு மார்பை அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல பேருக்கு மூச்சு முட்டுவதற்குக் காரணம் இந்த முழங்கைதான். ஐந்து சுற்றில் தொடங்கி, ஒரு மாதத்தில் ஒன்பது பத்து வரை போகலாம். சளி பிடித்து ஒரு நாசி அடைத்திருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளையும், உடம்பின் சில இடங்களை இறுக்கிப் பிடிக்கும் பந்தங்களையும் இந்தக் கட்டத்தில் தொடவே வேண்டாம். காணொளியைப் பார்த்து மூலபந்தமும் கும்பகமும் (மூச்சை அடக்குவது) சேர்த்துச் செய்வது நல்லதற்கில்லை.

கவனத்தை ஓர் இடத்தில் வைப்பது

விளக்கைப் பார்க்கும் திராடகம் நல்ல தொடக்கம். காற்று அசையாத அறையில் ஒரு கை தூரத்தில், கண் மட்டத்தில் சுடர் இருக்கட்டும். சுடரின் நுனியில் கண் வைத்து, கண்ணீர் வரப்போகும் நேரத்தில் மூடிக்கொள்ளுங்கள். மூடிய கண்ணுக்குள் ஒரு ஒளிப்புள்ளி மிதக்கும், நழுவும், நிறம் மாறும். அது மறையும்வரை அதைப் பின்தொடருங்கள். இது விழித்திரையின் வேலை, அற்புதம் ஒன்றுமில்லை. ஆனால் கவனம் எத்தனை விநாடியில் நழுவுகிறது என்று இதைப்போல் முகத்தில் அடித்துக் காட்டும் பயிற்சி வேறில்லை. மூன்று முறை போதும். வலிப்பு, ஒற்றைத் தலைவலி, கண் நோய் உள்ளவர்கள் இதைத் தவிர்த்து, மனதுக்குள் மந்திர ஜபம் செய்யலாம்.

குருவைத் தேடுவது

மேலே சொன்னவற்றை மூன்று மாதம் தொடர்ந்தவர் தீட்சையைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன்னே யோசிப்பதில் தவறில்லை. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று அப்போது தெரியாது.

தீட்சை ஒரே மாதிரியானது அல்ல. சைவ மரபு நயனம், பரிசம், வாசகம், மானசம், சாத்திரம், யோகம், ஔத்திரி என்று ஏழு வகை சொல்லும். பார்வையால், தொடுகையால், சொல்லால், நினைவால், நூலைப் போதித்து, யோகத்தால், வேள்வியோடு கூடிய சடங்கால். கிரியா யோக மரபில், பல மாதப் பாடமும் பயிற்சியும் முடித்த பிறகே தீட்சை தரும் அமைப்புகள் உண்டு. வேதாத்திரி மகரிஷி (1911–2006) வகுத்த எளியமுறைக் குண்டலினி யோகத்திலோ தொடக்கத்திலேயே ஆக்கினை தீட்சை உண்டு. ஆசிரியர் புருவ மத்தியில் விரலால் தொட்டு, கவனத்தை அங்கே நிறுத்தச் சொல்வார். உடனே மூலாதாரத்துக்குக் கவனத்தை இறக்கும் சாந்தி தவத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பார்கள். ஏற்றுவதைக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் இறக்குவதையும் கற்றுக்கொடுக்கிறார்களா என்பது எந்த மரபுக்குப் போனாலும் கேட்க வேண்டிய கேள்வி.

வேறு சிலவற்றையும் கேளுங்கள். உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்? தீட்சைக்குப் பிறகு எப்போது மறுபடி பார்க்கலாம்? தூக்கம் கெட்டால், பயம் வந்தால் யாரைக் கூப்பிடுவது? நடுவில் விட்டுவிட்டால் என்ன? நல்ல ஆசிரியர் இவற்றுக்குச் சலிக்காமல் பதில் சொல்வார், சிலவற்றுக்குத் "தெரியாது" என்றும் சொல்வார். தட்சணை வாங்குவது மரபுதான். 'அடுத்த நிலை' ஒவ்வொன்றுக்கும் தொகை ஏறிக்கொண்டே போனால் அது வேறு வகைத் தொழில். மந்திரத்தை வெளியே சொல்லாதே என்பது பழைய விதி, அதில் தவறில்லை. இங்கே நடப்பதை வீட்டில் சொல்லாதே, தனியாக வா, தொடுவதைக் கேள்வி கேட்காதே என்பவை விதிகளே அல்ல. அப்படி ஓர் இடத்தில் ஒரு முறை சொன்னாலும் திரும்பிப் போகாதீர்கள்; வீட்டில் சொல்லுங்கள், தேவையானால் காவல்துறையிலும் சொல்லுங்கள்.

ஒரே சமயத்தில் இரண்டு மூன்று மரபுகளில் தீட்சை வாங்கிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்று புருவ மத்தியில் நிறுத்தச் சொல்லும், இன்னொன்று இதயத்தில் நிறுத்தச் சொல்லும். பயிற்சி இரண்டிலும் நிலைக்காது.

தீட்சை நாள்

குளித்து, வெறும் வயிற்றோடோ இலேசான ஆகாரத்தோடோ போங்கள். இறுக்கமில்லாத உடை போதும். முந்தின இரவு நன்றாகத் தூங்குங்கள். பூ, பழம், தட்சணை என்று அந்த மரபு கேட்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். குரு வணக்கம் முடிந்ததும் ஒவ்வொருவராக அழைப்பார்கள், அல்லது வரிசையில் உட்கார வைத்து ஆசிரியரே வருவார். தொடும் நேரம் சில விநாடிதான். சிலருக்கு அந்த இடத்தில் எறும்பு ஊர்வது போல் இருக்கும், சிலருக்கு அழுத்தம், சிலருக்குக் கண்ணீர். பலருக்கு ஒன்றுமே இருக்காது. பக்கத்தில் இருப்பவர் "எனக்கு வெளிச்சம் தெரிந்தது" என்று சொல்வதைக் கேட்டு உங்களுக்கும் தெரிந்ததாகச் சொல்லிவிடாதீர்கள். ஆசிரியர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் அவர் அடுத்ததைச் சொல்ல முடியும்.

அதற்கப்புறம்

நேரத்தையும் இடத்தையும் மாற்றாதீர்கள். பிரம்ம முகூர்த்தம் என்பது சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன் தொடங்கி 48 நிமிடம் முன் முடிவது. முடிந்தால் நல்லது. இரவு பன்னிரண்டுக்குப் படுத்து நாலரைக்கு எழுந்து தியானத்தில் தூங்கி வழிவதைவிட, ஏழு மணிக்குத் தெளிவாக உட்காருவது மேல். ஆசனம் பத்து நிமிடம், நாடிசுத்தி ஐந்து நிமிடம், தீட்சையில் சொன்ன தவம் பதினைந்து முதல் இருபது நிமிடம். முடிந்ததும் சட்டென்று எழாமல், உள்ளங்கைகளைத் தேய்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இரண்டு நிமிடம் சும்மா இருங்கள்.

ஜபம் தரப்பட்டிருந்தால், 108 மணி மாலையை நடுவிரலில் போட்டுக் கட்டைவிரலால் தள்ளுங்கள், ஆள்காட்டி விரல் படக் கூடாது என்பது வழக்கம். மாலையின் தலைமணியான மேரு மணியைத் தாண்டாமல் திருப்பிக்கொள்ள வேண்டும். முதலில் வாய்விட்டு, பிறகு உதடு மட்டும் அசைய, பிறகு மனதுக்குள். இந்த இறக்கத்துக்குச் சில மாதங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

தினமும் "ஏதாவது நடந்ததா" என்று சோதித்துப் பார்க்காதீர்கள். உறை ஊற்றிய பாலை அரைமணிக்கு ஒரு தரம் கலக்கினால் தயிர் உறையாது.

அனுபவங்கள் வந்தால்

புருவ நடுவில் அழுத்தம் எல்லோரும் சொல்வது. பாதிக்குப் பாதி காரணம், மூடிய கண்ணுக்குள் விழிகளை மேலே சுழற்றி நெற்றியைச் சுருக்குவது. விழியைத் தளர்த்தி, கவனத்தை மட்டும் அங்கே வையுங்கள். அழுத்தம் குறைந்தால் அது தசை வலி. உடம்பு தூக்கிப் போடுவது பெரும்பாலும் தூக்கத்தின் வாசலில் நடப்பது. நிறம், ஒலி, உடம்பு பெருத்தது போன்ற உணர்வு எல்லாம் வரும், போகும். பார்த்துவிட்டு மூச்சுக்கோ மந்திரத்துக்கோ திரும்புங்கள்.

இவற்றைத் தாண்டி, தொடர்ந்து இரண்டு மூன்று இரவு தூக்கமே வராதது, உடம்பெல்லாம் எரிச்சல், நெஞ்சுப் படபடப்பு, சுற்றியுள்ளது நிஜமில்லாதது போலத் தோன்றுவது, கட்டளையிடும் குரல், எல்லையில்லாத உற்சாகம் ஆகியவற்றில் ஏதாவது வந்தால் பயிற்சியை அன்றே நிறுத்துங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டு, வெறும் காலோடு நடந்து, உடல் உழைப்பான வேலையைச் செய்யுங்கள், மனிதர்களோடு பேசுங்கள். ஆசிரியரிடம் சொல்லுங்கள், மருத்துவரையும் பாருங்கள். குரலும் தூக்கமின்மையும் இருந்தால் முதலில் மருத்துவர். காஷ்மீரைச் சேர்ந்த கோபி கிருஷ்ணா (1903–1984) குருவின் துணையின்றி வருடக்கணக்கில் தியானம் செய்துவந்தார். 1937இல் குண்டலினி எழுந்ததாக அவர் விவரித்த அனுபவத்துக்குப் பிறகு, நீண்ட காலம் உடலும் மனமும் துன்பப்பட்டதையும் அவரே பதிவு செய்திருக்கிறார். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நிறுத்தத் தெரிவதும் பயிற்சியில் ஒரு பகுதி.

உள்ளுணர்வு வளர்கிறதா என்று பார்க்க

சில மாதங்களில் "நினைத்தவர் போன் செய்தார்", "அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது" என்று ஆரம்பிக்கும். மறுக்கவும் வேண்டாம், ஊர் முழுக்கச் சொல்லவும் வேண்டாம். ஒரு நோட்டு வாங்கி, தோன்றியதை நடப்பதற்கு முன்பே தேதி, நேரத்தோடு எழுதுங்கள். பலித்ததையும் குறியுங்கள், பலிக்காததையும் குறியுங்கள். பலிக்காதவற்றை மனம் சுத்தமாக மறந்துவிடும் என்பதால்தான் நோட்டு. ஆறு மாதம் கழித்துப் புரட்டினால் உங்களுக்கே தெரிந்துவிடும். அந்தத் தோன்றல்களை வைத்துப் பணம் போடுவது, மற்றவருக்குக் குறி சொல்வது, நோய்க்கு வைத்தியம் சொல்வது எதுவும் வேண்டாம்.

அதே நோட்டின் இன்னொரு பக்கத்தில் வேறு விஷயங்களையும் எழுதுங்கள்: கோபம் வாய்க்கு வருவதற்கு முன் தெரிந்ததா, ஒரு பக்கம் படிக்கும்போது மனம் எத்தனை முறை ஓடியது, படுத்து எவ்வளவு நேரத்தில் தூக்கம் வந்தது. என் அனுபவத்தில் முதலில் மாறுவது இந்தப் பக்கம்தான். ஆசிரியரிடம் மறுபரிசோதனைக்குப் போகும்போது நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அடுத்த நிலைக்குப் போகலாமா என்று அவர் முடிவு செய்ய, வெளிச்சம் தெரிந்த கதையைவிட இது உதவும்.

விட்டுப்போகும் நாட்களும் உண்டு. ஒன்றிரண்டு நாள் என்றால் அப்படியே தொடரலாம், விட்டதைச் சேர்த்துச் செய்ய வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல் போனால் பாதி நேரத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு மாதம் தாண்டிவிட்டால் நாடிசுத்தியை மறுபடி ஐந்து சுற்றிலிருந்து தொடங்கி, தவத்துக்கு முன் ஆசிரியரை ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.